குருட்டுப் பெயிண்ட்

சிரம்பானில் கார் அலங்காரக் கடை வைத்திருக்கும் லோகநாதன் ஒரு காலத்தில் என் கீழ் வேலை பார்த்தவன். இப்போது அவனுக்கே தலை நரைத்துவிட்டது. போன மாதம் என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தான். காரின் உள்ளே இருக்கும் டாஷ்போர்டு, கதவுச் சட்டம் போன்ற பாகங்களுக்குப் பளபளப்பில்லாத கறுப்பு அடித்துத் தரச் சொல்லி வாடிக்கையாளர்கள் நச்சரிக்கிறார்களாம். இவன் ஆட்கள் அடித்தால் திட்டுத் திட்டாக வருகிறதாம்.

"பளபளன்னு அடிச்சா தப்பு வந்தாலும் பாலிஷ் போட்டு சமாளிச்சிடலாம் அங்கிள். இந்த மேட் அடிச்சா ஒண்ணுமே செய்ய முடியல லா. மேகம் மாதிரி படை படையா நிக்குது. நீங்கள்லாம் அந்தக் காலத்துல எப்படித்தான் அடிச்சீங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "காசு குடுத்தா அதக் கேக்குறானுங்க?" என்றேன். எங்கள் காலத்தில் பளபளப்பு இல்லாத பெயிண்டை எவரும் விரும்பிக் கேட்டதில்லை. முகம் தெரியாத பெயிண்ட் என்பதால் அதற்குக் குருட்டுப் பெயிண்ட் என்று பெயர் வைத்திருந்தோம். லோகநாதனுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்லி அனுப்பினேன். ஆனால் அவன் போன பிறகு எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் கை தானாக இடமிருந்து வலமாகப் போய் வந்தது. மூக்கில் தின்னர் வாசம் அடித்தது. சாப்பாட்டைத் தட்டில் வைத்துவிட்டு என் மனைவி மூன்று தடவை கூப்பிட்டாளாம், எனக்குக் கேட்கவே இல்லை. ஒரு இரும்புக் காரின் உள்ளே போய் உட்கார்ந்திருந்தேன். எழுதித் தீர்த்தால்தான் அதிலிருந்து இறங்க முடியும் போலிருக்கிறது.

நான் தொழில் கற்றது லுக்குட்டில், ஒரு சீன முதலாளியின், தவுக்கே என்போம், பட்டறையில். முதலில் சைக்கிள், பிறகு மோட்டார் சைக்கிள், பிறகு கார் மட்கார்டு என்று பெயிண்ட் அடிக்க விட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது, இரண்டு பேருக்கும் அரைகுறை மலாய். 'பெலான்' என்றால் மெதுவாக அடி, 'லாகி' என்றால் இன்னொரு தடவை அடி. இந்த இரண்டு சொல்லோடு என் படிப்பு முடிந்தது. அப்புறம் மலாயாவில் வெள்ளைக்காரர்களுக்கும் காட்டுக்குள் போன கம்யூனிஸ்டுகளுக்கும் சண்டை மூண்டு அவசரகாலம் வந்தது. சாலையில் வண்டிகள் குறைந்தன, பட்டறையில் வேலையும் குறைந்தது. கோலா கிளாவாங் பக்கத்து மலைத் தோட்டம் ஒன்றில் என் அக்கா பாக்கியம் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தாள், ரப்பர் மரத்தில் பால் இறங்கக் கீறிவிடும் வேலை. அவள் புருஷன் முத்தையா அங்கே தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரையின் கார் டிரைவர். சுற்று வட்டாரத் தோட்டங்களின் வண்டிகளெல்லாம் பழுதுபார்க்க வரும் பெரிய பட்டறை அந்தத் தோட்டத்தில் இருந்தது. மச்சான் ஒரு வார்த்தை சொல்லி என்னை உள்ளே சேர்த்துவிட்டார். அந்தத் தோட்டத்துக்கு வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர் வேறு. நாங்கள் மேட்டுத் தோட்டம் என்போம்.

நாங்கள் குடியிருந்த லயங்கள், பட்டறை, ரப்பர் ஆலை எல்லாவற்றையும் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். விடியும்போது கேட் திறக்கும். மரம் வெட்டப் போகும் பெண்களின் தூக்குவாளி, மடி எல்லாவற்றையும் சோதித்துத்தான் வெளியே விடுவார்கள். ஒரு பிடி சோறுகூட வேலிக்கு வெளியே போகக்கூடாது, காட்டுக்குள் இருப்பவர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று பயம். பொழுது சாயும் முன் எல்லாரும் உள்ளே வந்துவிட வேண்டும். வந்த புதிதில் எனக்கு மூச்சு முட்டியது. போகப் போக அந்த வேலியைக் கண் பார்ப்பதையே விட்டுவிட்டது.

எனக்குப் பிடித்தது அந்த இடத்துக் காலைப் பொழுது. மலையிலிருந்து பனி இறங்கி வந்து பட்டறைக்குள்ளேயே நிற்கும். அப்போது பெயிண்ட் அடிக்கக் கூடாது. ஈரக் காற்றில் அடித்தால் பெயிண்ட் காயும்போதே வெள்ளை பூத்துவிடும். அதனால் பனி விலகும்வரை சும்மா உட்கார்ந்திருப்போம். மத்தியானத்துக்கு மேல் மழை வந்துவிடும், அப்போதும் ஆகாது. நடுவில் கிடைக்கும் அந்தக் கொஞ்ச நேரம்தான் எங்களுடையது. வாயை மூடித் துணியைக் கட்டிக்கொண்டு துப்பாக்கியைக் கையில் எடுத்தேன் என்றால் நான் எங்கே இருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. பெயிண்ட் துப்பாக்கியைத்தான் சொல்கிறேன். அந்த வருடங்களில் துப்பாக்கி என்று வெறுமனே சொன்னால் பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார்.

தகட்டுக்கும் துப்பாக்கிக்கும் ஒரு சாண் இடைவெளி. மணிக்கட்டு மடங்கக் கூடாது, முழுக் கையும் போக வேண்டும். தகட்டின் விளிம்புக்கு வெளியிலேயே விசையை அழுத்தி, மறு விளிம்பைத் தாண்டிய பிறகுதான் விட வேண்டும். ஒரு வரி போனதும் அடுத்த வரி அதன் பாதியை மூடிக்கொண்டு போக வேண்டும். பக்கவாட்டு ஜன்னல் வெளிச்சத்தில் ஈரத்தின் ஓரம் மட்டும் ஒரு கோடாக மினுங்கும். அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போனால் போதும். உடம்பு மெல்ல ஆடும், காற்று சீறும் சத்தம் தொலைவில் எங்கோ கேட்கும். வேலி, சோதனை, அவசரகாலம் எல்லாம் அந்தப் புகைக்கு அந்தப் பக்கம் போய்விடும். என் வாழ்க்கையில் நான் கவலையில்லாமல் இருந்த நேரங்கள் அவை.

பட்டறையின் ஃபோர்மேன் கனகசபை, யாழ்ப்பாணத்துக்காரர். நெற்றியில் திருநீறு, முழுக்கை வெள்ளைச் சட்டை. கிரீஸும் கரியும் பெயிண்டும் பறக்கும் அந்தப் பட்டறையில் அந்தச் சட்டையில் ஒரு புள்ளி விழுந்து நான் பார்த்ததில்லை. யாரையும் அதட்ட மாட்டார். வேலை முடிந்தது என்று சொன்னால் முதலில் போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி வருவார். பிறகு பெயிண்ட் அடித்த பாகத்துக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பார். தன் சட்டைப் பொத்தான் அதில் எப்படித் தெரிகிறது என்று பார்ப்பார். பொத்தான் வட்டமாகத் தெரிந்தால் "பரவாயில்லை." அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. பொத்தானின் ஓரம் நெளிந்தால், "என்ன காணும் இது? தோடம்பழத் தோல் மாதிரியெல்லோ கிடக்கு" என்பார். ஆரஞ்சுப் பழத்தைத்தான் அப்படிச் சொல்கிறார் என்று எனக்கு விளங்கவே சில நாளாயிற்று. அதற்குள் அடித்ததையே திரும்பத் திரும்ப உரசி அடித்து என் தோள்பட்டை கழன்றுவிட்டது.

மலைச் சாலையில் பக்கத்துத் தோட்டத்துக் கார் ஒன்றைக் காட்டுக்குள் இருப்பவர்கள் சுட்டுவிட்ட பிறகுதான் எங்கள் துரை தன் காருக்கு இரும்புத் தகடு அடிக்கச் சொன்னார். நான்கு கதவுகளின் உள்பக்கமும் தகடு, பின் சீட்டுக்குப் பின்னால் தகடு. முன் கண்ணாடிக்கு வெளியே ஒரு பெரிய தகடு, அதில் பார்ப்பதற்கு மட்டும் ஒரு நீளக் கீற்று. மச்சான் ஓட்டுவார், இடப்பக்கம் துரை மடியில் துப்பாக்கியோடு உட்காருவார், பின்னால் காவலுக்கு இரண்டு போலீஸ்காரர்கள். துரையின் மனைவி அதில் ஒரு தடவை ஏறி உட்கார்ந்தார், உடனே இறங்கிவிட்டார். சவப்பெட்டிக்குள் இருப்பது போல இருக்கிறதாம். உள்ளே எல்லாவற்றையும் தன் வீட்டு சாப்பாட்டு அறைச் சுவரைப் போல வெளிர் மஞ்சளில் பளபளவென்று அடித்துத் தரச் சொன்னார். டாஷ்போர்டு உட்பட.

அதை நான் ஒரு கல்யாண வேலை போலச் செய்தேன். ஒவ்வொரு பாகமாகக் கழற்றி, தண்ணீர் விட்டு உப்புத்தாளால் உரசி, தின்னரில் துணி நனைத்துத் துடைத்தேன். தலையில் எண்ணெய் வைத்திருப்பேன் என்பதால் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தாலும் பெயிண்ட் அந்த இடத்தில் ஒட்டாமல் விலகிக் குழி விழுந்துவிடும். தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கினேன். காரில் எந்தச் சாய்வில் இருக்குமோ அதே சாய்வில் பாகங்களை நிறுத்தி, ஒரு பூச்சு இடம் வலமாக, அடுத்தது மேலும் கீழுமாக அடித்தேன். காய்ந்ததும் கனகசபை ஐயா வந்து நெஞ்சை நிமிர்த்தி நின்றார். பொத்தானும் அதன் நான்கு ஓட்டைகளும் நூலும் தெரிந்தன. "நல்லது" என்றார். சொன்ன பிறகு அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது போல, தொண்டையைச் செருமிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை அந்தக் கார் மலைச் சாலையில் ஏறியது. மேலே ஒரு வளைவு உண்டு, திரும்பியதும் சூரியன் நேர் எதிரில் நிற்கும். முன்பு சுடப்பட்ட கார் மாட்டியதும் அதே வளைவில்தான். கீற்று வழியாக வந்த வெயில் டாஷ்போர்டில் விழுந்து எகிறி, கண்ணாடி முழுவதும் பால் ஊற்றியது போல ஆகிவிட்டது. மச்சானுக்குச் சாலையே தெரியவில்லை. பிரேக்கை மிதித்தார், ஒரு சக்கரம் கால்வாயில் இறங்கியது. போலீஸ்காரர்கள் இறங்கித் தள்ளும்வரை எல்லாரும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நல்லவேளையாக அன்று அங்கே யாரும் காத்திருக்கவில்லை.

திரும்பி வந்து பட்டறையில் எண்ணெய்ப் பீப்பாய் மேல் உட்கார்ந்தார் மச்சான்.

"ரொம்ப அழகா அடிச்சிருக்க மாப்ளே," என்றார். "இந்த மாதிரி பெயிண்ட நான் எங்கயும் பாத்ததில்ல. ஆனா இன்னொரு தடவ அந்த வளைவுல இப்படி ஆச்சுன்னா உங்கக்கா தாலி போயிடும்."

அக்காவுக்கு அப்போது தலைப்பிள்ளை வயிற்றில்.

கனகசபை ஐயாவிடம் போய்ச் சொன்னேன். அவர் டாஷ்போர்டைத் தடவிக்கொண்டே நின்றார். "இவ்வளவு வடிவான வேலையை உரசி எறியச் சொல்லுறீரோ?" என்று கேட்டார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. பிறகு பெருமூச்சு விட்டு, "சரி, குருட்டுப் பெயிண்டை அடியும்" என்றார். ராணுவ முகாமிலிருந்து லாரிகளுக்கு அடிக்கும் கரும்பச்சை ஒரு டின் வந்தது. டாஷ்போர்டுக்கும் முன் கண்ணாடிச் சட்டத்துக்கும் மட்டும் அது. மற்றதெல்லாம் துரையின் மனைவி சொன்ன மஞ்சளிலேயே இருக்கட்டும் என்று முடிவாயிற்று.

லாரிக்கு அடிப்பது எளிது, யாரும் கிட்டப் போய்ப் பார்க்கப் போவதில்லை. டிரைவர் கண்ணுக்கு ஒரு முழத்தில் இருக்கும் டாஷ்போர்டு அப்படியில்லை. கனமாக விழுந்த இடம் மினுக்கும், மெல்லிசாக விழுந்த இடம் சாம்பல் தட்டும். முதல் தடவை அடித்தது லோகநாதன் சொன்ன மேகம்தான். விடுபட்ட இடத்தை மட்டும் தொட்டு அடித்தேன், அது தனித் தீவாக நின்றது. உரசிவிட்டு மறுபடி அடித்தேன், மறுபடியும் மேகம். மினுக்கத்தைக் கொல்லும் ஒரு பொடி அந்தப் பெயிண்டில் இருக்கிறது, அது துப்பாக்கிக் குவளையின் அடியில் போய்ப் படிந்துவிடுகிறது என்று பிறகுதான் புரிந்தது. அதன்பின் ஒவ்வொரு வரிக்கும் குவளையைக் குலுக்கினேன். விடுபட்ட இடத்தைத் துரத்திக்கொண்டு போகாமல் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே மூச்சில் போனேன். கடைசிப் பூச்சை இரண்டு சாண் தள்ளி நின்று, காற்றைக் குறைத்து, முன் பூச்சுக்குக் குறுக்காகப் பனி விழுவது போல விட்டேன். காய்ந்தபோது வாழையிலையின் அடிப்பக்கம் மாதிரி இருந்தது.

கனகசபை ஐயா கையைக் கழுவிக்கொண்டு வந்து நெஞ்சை நிமிர்த்தினார். பொத்தானைக் காணோம். இப்படிச் சாய்ந்தார், அப்படிச் சாய்ந்தார். சந்தையில் பையைத் தொலைத்தவர் போல நின்றார்.

"ஒண்டும் தெரியேல்லையே, காணும்."

"அதுதான் ஐயா வேணும்."

"அப்ப பரவாயில்லை" என்றார், அரை மனதோடு.

கொஞ்ச காலம் நிம்மதியாகப் போயிற்று. ஒரு நாள் மச்சான் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார். "திரும்பக் கூசுது மாப்ளே. முன்ன மாதிரி இல்ல, சின்னதா, டார்ச் லைட்ட நேரா கண்ணுல அடிச்ச மாதிரி. அதே வளைவுலதான்."

போய்ப் பார்த்தேன். ஸ்டீயரிங்குக்கு நேர் மேலே கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு இடம் மினுக்கிக்கொண்டிருந்தது. என் கைதான் அங்கே கொஞ்சம் தங்கியிருக்கும் என்று நினைத்து முழுவதையும் உரசி மறுபடி அடித்தேன். கொஞ்ச நாளில் அதே இடத்தில் அதே மினுக்கல். தின்னரைச் சந்தேகப்பட்டேன், டின்னைச் சந்தேகப்பட்டேன், இரும்பிலேயே ஏதோ கோளாறு என்று நினைத்தேன். அக்காவின் வயிறு ஏற ஏற என் பயமும் ஏறியது. அவளைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது. "ஏண்டா மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு அலையிற?" என்று அவள் கேட்டபோதெல்லாம் ஏதோ சொல்லி மழுப்பினேன்.

கண்டுபிடித்தவர் கனகசபை ஐயாதான். காரின் கதவைத் திறந்து, குனிந்து, அந்த இடத்தை ஒரு விரலால் தடவி மோந்து பார்த்தார். பிறகு தன் நெற்றியைத் தொட்டு அந்த விரலையும் பார்த்தார்.

"இது நல்லெண்ணெய். இது திருநீறு. வீட்டிலே குத்துவிளக்கை எதாலே காணும் மினுக்கிறவை?"

சாம்பலும் எண்ணெயும் சேர்த்துத் தேய்த்தால் பித்தளையே தங்கமாகத் தெரியும். பெயிண்ட் எம்மாத்திரம்?

கேட்டைத் தாண்டியதும் மரத்தடியில் ஒரு முனியாண்டி கல் இருந்தது. எந்த டிரைவரும் அங்கே நிறுத்தாமல் போனதில்லை. மச்சானும் தினமும் இறங்குவார். விளக்கு எண்ணெயில் கட்டைவிரலைத் தொட்டு, திருநீற்றை எடுத்து நெற்றியில் இழுத்துக்கொண்டு வந்து உட்காருவார். அதே விரலால் டாஷ்போர்டில் அழுத்தி ஒரு தேய்ப்புத் தேய்த்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் வண்டியை எடுப்பார். இது நான் பார்க்காததல்ல, நாங்கள் எல்லாரும் செய்வதுதான். நானே காலையில் துப்பாக்கியைத் தொட்டுக் கும்பிடாமல் எடுத்ததில்லை. அதனாலேயே அது என் கண்ணில் படவில்லை. மச்சான் எந்த வளைவுக்குப் பயந்து சாமியைத் தொட்டாரோ, அந்த வளைவில் அவர் கண்ணை அவர் விரலே கெடுத்துக்கொண்டிருந்தது.

விஷயம் துரையின் காதுக்குப் போனது. அவர் தோட்டத் தமிழ் நன்றாகப் பேசுவார். பட்டறை வாசலிலேயே நின்று வாய்விட்டுச் சிரித்தார். "முத்தையா, சாமி டாஷ்போர்டிலே இல்லே. சாமி மரத்துக்குக் கீழே. நீ ரோட்டைப் பாரு, போதும். இனிமே தொடாதே."

மச்சான் தலையை ஆட்டினார். மறுநாள் தொடாமல்தான் போனார். திரும்பி வந்தபோது சட்டை நனைந்து பிழியலாம் போல இருந்தது. வழியெல்லாம் கியர் மாற்றும்போது கை நழுவியதாம்.

"தொடாம போனா கை நடுங்குது. தொட்டா கண்ணு கூசுது. எதுல சாவணும்னு நீயே சொல்லு மாப்ளே."

அன்று சாயங்காலம் அக்கா வீட்டில் உட்கார்ந்து இருவரும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தோம். அரிசி புடைத்துக்கொண்டிருந்த அக்கா முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஆம்பளைங்க ரெண்டு பேரும் என்னமோ மலையப் பொரட்டுற மாதிரி ஒக்காந்திருக்கீங்க. சாமிக்கு மேல் பக்கம் என்ன, அடிப் பக்கம் என்ன? அடியில தொட்டுக்கச் சொல்லு. வெயிலு அங்க போவாதுல்ல?"

மச்சான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவள் காலில் விழலாம் போல இருந்தது.

டாஷ்போர்டின் கீழ் விளிம்பு உள்பக்கமாக மடிந்து ஒரு பட்டை போல ஓடும். உட்கார்ந்திருப்பவர் குனிந்து பார்த்தால்கூடத் தெரியாது. மறுபடி கழற்றி, மேல் பக்கத்தைக் கரும்பச்சையில் அடித்துக் காயவிட்டு, தலைகீழாகத் திருப்பி அந்த அடிப்பட்டையில் மட்டும் மீதமிருந்த மஞ்சளைப் பளபளப்பாக அடித்தேன். டிரைவர் பக்கம் மட்டும் அடித்தால் போதும்தான். ஆனால் நடுவில் நிறுத்தினால் அங்கே பெயிண்ட் தடித்துவிடும், அது எனக்குப் பொறுக்காது. இந்த முனையிலிருந்து அந்த முனைவரை போனேன்.

"இதை ஆர் பாக்கப் போறாங்கள்?" என்று கேட்டார் கனகசபை ஐயா.

"விரல் பாக்கும் ஐயா. மேல சொரசொரன்னு இருக்கும், இங்க வழுவழுன்னு இருக்கும். கண்ண ரோட்டுல இருந்து எடுக்காமலே தெரிஞ்சிடும்."

அவர் நெஞ்சை நிமிர்த்திப் பார்க்கவில்லை. ஆள்காட்டி விரலை அந்தப் பட்டையின் நீளத்துக்கு ஓட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அதற்குப் பின் மச்சானுக்குக் கண்ணும் கூசவில்லை, கையும் நடுங்கவில்லை. கொஞ்ச நாளில் நான் அதை மறந்துகூடப் போனேன்.

ஒரு காலை, பனி விலகிய நேரம். வேறொரு தோட்டத்து ஜீப்பின் டாஷ்போர்டை அடித்துக்கொண்டிருந்தேன். புகைக்கு அந்தப் பக்கம் எங்கோ ரப்பர் விதை வெடிப்பது போல ஒரு சத்தம். விதை வெடிக்க வெயில் ஏற வேண்டும், இது காலை என்று மனசுக்குத் தெரிந்தது. இரண்டாவது சத்தம், பிறகு அடுக்கடுக்காக. மலைப் பக்கத்திலிருந்து. என் கை நிற்கவில்லை. விளிம்பைத் தாண்டிப் போய்த்தான் விசையை விட்டது. பெருமைக்குச் சொல்லவில்லை, அந்தக் கைக்கு வேறு எதுவும் தெரியாது. விசையை விட்ட பிறகுதான் துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு வேலிப் பக்கம் ஓடினேன்.

வேலி ஓரமாக எல்லாரும் கூடிவிட்டார்கள். நிறை மாதமானதால் அக்கா மரம் வெட்டப் போகாமல் லயத்தில் இருந்தாள். முள்ளுக்கும் முள்ளுக்கும் நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. நான் பக்கத்தில் போனபோது, "பெயிண்ட் நல்லாத்தானே இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டாள். நல்லா இருந்துச்சுக்கா என்றேன். அந்த நேரம் எவ்வளவு நீளம் என்று எனக்கு இன்றுவரை சொல்லத் தெரியாது. ஒரு மஞ்சள் இலை மரத்திலிருந்து இறங்கித் தரைக்கு வந்து சேர்வதை முழுவதுமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கார் வந்தது. ஒரு டயர் இல்லாமல் வெறும் இரும்பில் உரசிக்கொண்டு ஊர்ந்து வந்தது. மச்சான் கதவைத் திறந்து இறங்கி அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"பாத்துட்டேன் மாப்ளே," என்றார். "வளைவு திரும்புனதும் பாத்துட்டேன். ரோட்டுக்குக் குறுக்க மரம் கெடந்துச்சு. அவனுங்க சுட ஆரம்பிக்கறதுக்குள்ள ரிவர்ஸ் எடுத்துட்டேன்."

அக்கா வந்து அவர் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். பிறகு அவர் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு அழுதாள். பின்னால் இருந்த போலீஸ்காரர்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை. துரை தன் பக்கம் இறங்கி சிகரெட்டைப் பற்றவைக்கப் பார்த்தார். குச்சி குச்சியாக அணைந்துகொண்டே இருந்தது. சுட்டவர்கள் யார் என்று எனக்குத் தெரியாது. லுக்குட்டில் நான் பார்த்துப் பழகிய முகங்கள்கூட அதில் இருந்திருக்கலாம். துரையையும் நல்லவர் என்று சொல்ல வரவில்லை. கூலி உயர்வு கேட்டு நின்றவர்களை லயத்தைவிட்டே விரட்டியவர் அவர். அன்று அந்த இரும்புப் பெட்டிக்குள் என் அக்கா புருஷன் இருந்தார், எனக்கு அது ஒன்றுதான் கணக்கு.

குண்டு பட்டு நசுங்கிய தகடுகளைத் தட்டி நிமிர்த்துவதற்காகக் காரின் உள்பக்கம் முழுவதையும் கழற்றினோம். டாஷ்போர்டைப் பலகை மேல் தலைகீழாகப் போட்டேன். டிரைவர் பக்கத்து அடிப்பட்டையில் மஞ்சள் பெயிண்ட் தேய்ந்து இரும்பு தெரிந்தது. ஓரமெல்லாம் எண்ணெய் ஏறி, திருநீறு படிந்திருந்தது. மச்சானின் கட்டைவிரல் அகலம். அதைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டேன்.

உரசுவதற்காகத் தாளை நனைத்துக்கொண்டு அந்த முனையிலிருந்து ஆரம்பிக்கப் போனேன். இடப்பக்க முனை. அங்கேயும் ஓரிடத்தில் இரும்பு தெரிந்தது.

தாளைக் கீழே வைத்துவிட்டேன். விரலால் தொட்டுப் பார்த்தேன். எண்ணெய் இல்லை, திருநீறு இல்லை. வறண்ட விரல் ஒன்று நகமும் சதையுமாகத் தினமும் அழுத்தித் தேய்த்த இடம் அது. அந்தப் பக்கத்து சீட்டில் உட்காருகிறவர் ஒருவர்தான். துரையின் மனைவிகூட அந்தக் காரில் ஏறுவதில்லை.

கனகசபை ஐயாவைக் கூப்பிட்டேன். அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். குனிந்து வலப்பக்கத்து இடத்தில் கட்டைவிரலை வைத்தார். பிறகு இடப்பக்கத்து இடத்தில் வைத்தார். அங்கே விரலை வைத்தபடி நெடுநேரம் நின்றார். வெளியே மழை பிடித்துக்கொண்டது.

"ஒருத்தரிட்டையும் சொல்லாதையும்" என்றார் கடைசியில். கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பி வந்தார். "இரண்டையும் ஒரே மாதிரி அடியும், காணும். ஒரு வித்தியாசமும் தெரியக் கூடாது."

அப்படியே அடித்தேன். என் வாழ்க்கையில் அதைவிட ஒழுங்காக நான் எதையும் அடித்ததில்லை.

கார் மறுபடி கிளம்பிய முதல் காலை, புதுப் பூச்சில் வெயில் எப்படி விழுகிறது என்று பார்ப்பதற்காக நானும் கேட்டுக்கு வெளியே நடந்து போனேன். முனியாண்டி மரத்தடியில் வண்டி நின்றது. மச்சான் இறங்கி எண்ணெயைத் தொட்டு, திருநீறு இழுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அவர் வலக்கை டாஷ்போர்டுக்கு அடியில் போனது. நான் இடப்பக்க ஜன்னலுக்கு நேரே நின்றிருந்தேன். துரையின் தோள் லேசாக முன்னால் இறங்கியது, அவர் கையும் அடியில் போனது. அப்போதுதான் நான் அங்கே நிற்பதை அவர் பார்த்தார். முகம் காது வரை சிவந்துவிட்டது. ஆனால் மச்சான் வண்டியைக் கிளப்பும்வரை அவர் கையை எடுக்கவில்லை.